பின் சக்கரம்: கன்னியாகுமரி – ஸ்ரீநகர் சைக்கிள் பயணத்துக்கு முந்தைய ஐந்து மாதங்கள்

கன்னியாகுமரியில் கிளம்பி மூன்றாம் நாள் சாயங்காலம் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கினோம், நானும் என் தம்பியும். திட்டமே இதுதான். ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 மதுரையை ஒட்டித்தான் போகிறது. 2010-இல் எண் மாறும் வரை இந்தப் பக்கத்தில் அதற்கு எண் 7. குமரிமுனையிலிருந்து மதுரைக்கு சுமார் 245 கி.மீ. மொத்தம் 3,700 கி.மீ.க்கு மேல் போக வேண்டிய வழியில் முதல் மூன்று நாளைச் சோதனை ஓட்டமாக வைத்துக்கொண்டால், நான்காம் நாள் வீட்டில் உட்கார்ந்து தேவையில்லாததை இறக்கிவைக்கலாம், பிய்ந்ததைத் தைக்கலாம். மதுரைக்காரர்களுக்கு இந்தப் பாதையில் கிடைக்கிற பெரிய வசதி இது. ரயிலில் சைக்கிளை ஏற்றிப்போய் முனையிலிருந்து தொடங்குகிறவர்கள் நம் ஊரில் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த ஒரு நாள் ஓய்வைத் திட்டத்தில் வையுங்கள்.

இன்று அந்த நான்காம் நாள். மழை இல்லாத தை மாத மதியம். மிஷின் மேல் பையைக் கிடத்திவிட்டு இதை எழுதுகிறேன். ஆகஸ்ட்டிலிருந்து இதுவரை செய்ததில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பின் சக்கரத்தைப் பற்றியது. அதனால் இந்தப் பதிவும் அப்படித்தான் இருக்கும்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக். தம்பி கூரியரில் வேலை. அவனுக்கு இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தது. நான் தை முகூர்த்தத்துக்கு வந்த பிளவுஸ்களை எல்லாம் கூட வேலை செய்த தோழியிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த வருமானம் போனது போனதுதான்.

வண்டியை ஆகஸ்ட்டில் ஒரு கல்லூரி மாணவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்பு ஃப்ரேம், 700-க்கு 35 டயர், முன்னால் மூன்று பல் சக்கரம், பின்னால் ஏழு. தேடும்போதே இரும்பாகத்தான் தேடினேன். எடை கூடும், ஆனால் ஃப்ரேம் விரிசல் விட்டால் கேஸ் வெல்டிங் அடிக்கிறவர் எந்தச் சின்ன ஊரிலும் இருப்பார். அலுமினியத்தை ஒட்டத் தெரிந்தவர் அப்படி எங்கும் கிடைக்கமாட்டார்.

கியரை மாற்றியது தம்பியின் யோசனை. முன்னால் சின்னச் சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரியதிலும் 28 பல். அதாவது மிகச் சுலபமான கியரில்கூட ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும், வண்டி 2.17 மீட்டர் நகரும். வெறும் வண்டிக்கு அது போதும். சாமான் கட்டி மேடு ஏறினால் முட்டி பேசும். பின்னால் பெரிய சக்கரம் 34 பல்லாக இருக்கும் பிரீவீல், அதாவது பின் பல் சக்கரங்களின் அடுக்கு, வாங்கிப் போட்டோம். இப்போது ஒரு மிதிக்கு 1.79 மீட்டர்தான். கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் டீரெய்லரையும் நீளமானதாக மாற்றி, செயினையும் புதிதாக நீளமாகப் போட வேண்டிவந்தது. செலவு கூடியது, ஆனாலும் தொப்பூர் மேட்டையும் பனிஹால் பக்கத்து மலைகளையும் நினைத்தால் மறு யோசனை தேவையில்லை.

பைகளை நானே தைத்தேன். இதில் மட்டும் எனக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. ரெக்சின் வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். வெயிலில் மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடிக்கும். லாரித் தார்பாய் உறுதி, ஆனால் கனம். ஆட்டோவுக்குக் கூடாரம் தைக்கிறவர்கள் வாங்கும் பூச்சுத் துணிதான் சரியாக வந்தது. 18-ஆம் நம்பர் ஊசி, நைலான் நூல், தையல் நீளம் நான்கு மில்லி. இந்த மாதிரித் துணியில் பொடித் தையல் போட்டால், தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசையாகி அந்த வரியிலேயே கிழியும். பின்பக்கத்துக்கு விறைப்பு வேண்டுமே என்று பழைய இருபது லிட்டர் தண்ணீர் கேனை வெட்டி உள்ளே சொருகினேன். கொக்கிக்கு ஆறு மில்லி கம்பியை வளைத்து, கேரியரில் உரசாமலிருக்கப் பழைய டியூப் துண்டை மேலே மாட்டினேன்.

இரண்டு விஷயங்களைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பையைக் கேரியரின் முன்பக்கம் தள்ளி மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். பின்னால் நான்கு விரல் தள்ள வேண்டும், பையின் முன் கீழ் மூலையைச் சரிவாக வெட்ட வேண்டும். அடுத்தது தண்ணீர். ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். நவம்பர் மழையில் திருப்பரங்குன்றம் வரை போய்த் திரும்பியதில் அடித்தையல் வழியாக உள்ளே அரை டம்ளர் தண்ணீர். தையல் மேல் பிசின் தடவுவது, பட்டை ஒட்டுவது என்று ஒரு வாரம் போராடிவிட்டு விட்டுவிட்டேன். பை நனையட்டும், உள்ளே இருப்பது நனையக் கூடாது. ஜவுளிக் கடையில் சேலைக் கட்டு வரும் கெட்டிப் பாலிதீன் உறையைப் பைக்குள் பையாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டினேன். அதன்பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. அடியில் வேண்டுமென்றே இரண்டு ஓட்டையும் போட்டுவிட்டேன், இறங்கிய தண்ணீர் வடிந்து போவதற்கு.

அந்த மழைக்கெல்லாம் முன்பே, பை நன்றாக வந்த சந்தோஷத்தில்தான் செப்டம்பர் கடைசி ஞாயிறு சோதனைக்குக் கிளம்பினோம். மதுரையிலிருந்து நத்தம், அங்கிருந்து திண்டுக்கல், நாலுவழிச் சாலையில் திரும்ப மதுரை. எல்லாம் சேர்த்து 140 கி.மீ. பையில் பத்து கிலோ அரிசியும் எட்டு கிலோ துணிக் கட்டும். நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி கப்பல் மாதிரிப் போனது. திண்டுக்கல்லில் சாப்பிட்டுவிட்டு, சிறுமலையை இடப்பக்கம் பார்த்துக்கொண்டே கொடைரோடு தாண்டினோம். வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்தேன். அரை கிலோமீட்டர் போவதற்குள் பின் ரிம் பிரேக் கட்டையில் தட்டத் தொடங்கியது.

போக்ஸ் கம்பி ஒன்று ஒடிந்திருந்தது, பல் சக்கரப் பக்கத்தில், ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்தில். பின் பிரேக்கை அவிழ்த்துவிட்டு மெதுவாக ஓட்டினேன். சமயநல்லூரில் இரண்டாவது ‘டிங்’. சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு குட்டியானைக்காரரிடம் கேட்டு ஏற்றிக்கொண்டு வீடு வந்தோம்.

முதலில் போன கடையில் ஒடிந்த இரண்டை மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். பார்வைக்கு நேராக ஓடியது. ஒன்பதாம் நாள் அழகர்கோயில் சாலையில் மூன்றாவது கம்பி ஒடிந்தது, அதே பக்கம், அதே கழுத்து.

அப்போதுதான் யானைக்கல் வாழைக்காய்ப்பேட்டைப் பக்கம் லோடு வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பெரியவரிடம் போனேன். வாழைத்தார் ஏற்றும் சைக்கிள்களும் மூன்று சக்கர வண்டிகளும்தான் அவர் கைக்கு வரும். கியர் சைக்கிளைப் பார்த்து ஒதுக்கிவிடுவாரோ என்று தயங்கித்தான் நின்றேன். அவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின் சக்கரத்துக் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே வந்தார்.

“கேக்குதா தாயி? ஒண்ணு பாடுது, ஒண்ணு மொணங்குது.”

கேட்டது. ஒரே பக்கத்துக் கம்பிகளிலேயே ஒன்று கணீர் என்றது, அடுத்தது தொளதொள என்றது.

“எம்புட்டுத் தூரம் போறீக?”

“காஷ்மீர் வரைக்கும் அய்யா.”

அவர் சிரிக்கவில்லை. “ஒடிஞ்சத மாத்துறதுல பிரயோசனமில்ல. மிச்சமெல்லாம் ஒடியறதுக்குத்தேன் காத்துக் கெடக்கு. பிரிச்சுப்போட்டு முப்பத்தாறும் புதுசாக் கட்டணும்.”

“கட்டித் தருவீகளா அய்யா?”

“நான் கட்டித்தந்தா வழியில ஒடிஞ்சா என்னையவா கூப்புடுவே? நீயே கட்டு. நான் பக்கத்துல இருக்கேன்.”

அது தீபாவளி நெருக்கம். வீட்டில் இரவு 11 மணி வரை தைத்துக்கொண்டிருந்தேன். பேட்டை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவதால் அவர் கடையும் 6 மணிக்குத் திறந்திருக்கும். ஏழு காலைகள், 6 முதல் 8 வரை, அவர் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து சக்கரம் கட்டப் படித்தேன்.

ஏன் ஒடிகிறது என்பதை முதல் நாளே புரியவைத்தார். எல்லாரும் நினைப்பது போல அதிகம் இழுத்ததால் கம்பி ஒடிவதில்லை. பெரும்பாலும் தொய்ந்து கிடப்பதால்தான் ஒடிகிறது. சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வரும் கம்பியின் இழுப்பு கொஞ்சம் குறையும், மேலே போனதும் திரும்ப இறுகும். நன்றாக இழுத்துக் கட்டிய கம்பிக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒன்றுமில்லை. ஏற்கெனவே தொய்ந்த கம்பி கீழே வரும்போது முழுதாகத் தளர்ந்து, மேலே போகும்போது வெடுக்கென்று இழுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கழுத்து ஒரு முறை அசைகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், ஆனால் மிக மெதுவாக. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு 460 சுற்று. 3,700 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 லட்சம் சுற்று. அந்த எண்ணைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகமே இல்லை, இந்தச் சக்கரத்தை ஒழுங்காகக் கட்டாமல் வேறு எந்தச் சாமானும் வாங்கக் கூடாது.

பல் சக்கரப் பக்கமே ஏன் ஒடிந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பின் ஹப்பின் வலப்பக்கத்தில் ஏழு பல் சக்கரங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்தப் பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். இடப்பக்கத்துக் கம்பிகள் சாய்ந்து நிற்கும். ரிம் நட்டநடுவில் ஓட வேண்டுமென்றால் வலப்பக்கம் கூடுதலாக இழுத்தே ஆகவேண்டும். மேல்நூல் ஒரு இழுப்பு, கீழ்நூல் ஒரு இழுப்பு, முடிச்சு மட்டும் துணியின் நடுவில் விழ வேண்டும் என்று நான் தினமும் மிஷினில் திருகுகிற கணக்கு. அவர் சொன்னபோது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

பழைய ஹப்பையே வைத்துக்கொண்டோம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலப் பால்ரஸ், புதிதாகப் போட்டுக் கிரீஸ் அடைத்தோம். ரிம்மை இரட்டைச் சுவர் ரிம்மாக மாற்றினேன். கம்பிகள் 14 கேஜ், துருப்பிடிக்காதவை. வலப்பக்கத்துக்கு இடப்பக்கத்தைவிட இரண்டு மில்லி குட்டை. இந்த இரண்டு மில்லியைக் கவனிக்காமல் ஒரே நீளம் வாங்கிவந்து, மறுநாள் திரும்பப் போய் மாற்றினேன்.

கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒரு பக்கத்துக்கு 18 துளை. முதலில் வலப்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்று, ஒன்பது கம்பி, தலை வெளியே இருக்கும்படி. முதல் கம்பி வால்வுத் துளைக்கு அடுத்த துளையில், பிறகு ரிம்மில் நான்காவது நான்காவது துளையாக. அதே மாதிரி இடப்பக்கம் ஒன்பது. பிறகு ஹப்பைக் கையால் திருகினால் போட்ட கம்பிகள் எல்லாம் சாய்ந்துகொள்ளும். அடுத்த பதினெட்டும் உள்ளேயிருந்து வெளியே வந்து எதிர்த்திசையில் போகும். ஒவ்வொன்றும் மூன்று கம்பியைக் குறுக்காகக் கடக்க வேண்டும், முதல் இரண்டுக்கு மேலே, மூன்றாவதுக்கு அடியில். பாய் முடைகிற பின்னல்தான். அந்த மூன்றாவது பின்னலில்தான் கம்பிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

முதல் தடவை எல்லாம் மாட்டி முடித்து நிமிர்ந்தபோது, வால்வுத் துளைக்கு மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே ஓடின. காற்றடிக்கும் பம்பின் வாய் நுழைய இடமில்லை. முதல் கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டியதால் வந்த வினை. முப்பத்தாறையும் கழற்றினேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

இழுப்பது தனி வேலை. கம்பியை ரிம்மோடு பிடிக்கும் திருகுதான் நிப்பிள், ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். எல்லாவற்றையும் மரை மறையும் வரை ஒரே அளவு திருகிவிட்டு, பிறகு வால்வில் தொடங்கி வால்வில் முடிய அரை அரைச் சுற்று. ஒரு நாளும் ஒரே கம்பியை நிறையத் திருகக் கூடாது. ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடக்கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலக்கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். நடுவில் ஓடுகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு கருவியும் கிடையாது. சக்கரத்தைக் கழற்றி இடவலம் மாற்றி ஃப்ரேமில் மாட்டிப் பார்ப்பார். மாற்றி மாட்டினாலும் ரிம் அதே இடத்தில் நின்றால் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு எளிய சோதனை!

கடைசியில் அவர் செய்யச் சொன்னதுதான் மிஷினில் கட்டி வரும் சக்கரத்துக்கும் கையில் கட்டும் சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன். ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கை வலிக்கும் வரை அமுக்க வேண்டும். சக்கரம் முழுக்க, சுற்றிச் சுற்றி. ‘டிக் டிக்’ என்று முறுக்கு விடும் சத்தம் வரும். கம்பியின் கழுத்து ஹப்பில் ஒழுங்காக உட்காரும். திரும்பக் கோட்டம் பார்த்து, திரும்ப அமுக்கி, சத்தம் நிற்கும் வரை. நான்கு தடவை செய்தேன். பிறகு சுண்டிப் பார்த்தால் வலப்பக்கம் பதினெட்டும் ஒரே சுருதி. இடப்பக்கம் அதைவிடத் தாழ்ந்த, ஆனால் தங்களுக்குள் ஒத்த சுருதி.

பல் சக்கரப் பக்கம் கம்பி மாற்ற பிரீவீலைக் கழற்ற வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகும் மரை என்பதால் அது சாதாரணமாக அசையாது. அதன் வாயில் பொருந்தும், ‘பூட்டு’ என்கிற கழற்றும் கருவியும், ஒரு முழ நீள ஸ்பேனரும் வேண்டும். பூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பேனர் லாரிப் பட்டறையில் எங்கும் கிடைக்கும். அதுவும் இல்லாத இடத்துக்குப் பெரியவர் ஒரு வழி சொன்னார். கொஞ்சம் நீளமான கம்பியின் தலையை வெட்டிவிட்டு, நுனியை இரண்டு தரம் எதிரெதிராக மடித்துக் கொக்கியாக்கினால், பிரீவீலைக் கழற்றாமலே துளையில் கோத்துவிடலாம். அடுத்த ஊர் வரை தாங்கும். அப்படி நான்கு கொக்கிக் கம்பிகளும், நல்ல கம்பி ஆறும் ஃப்ரேமோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறினோம், 15 கிலோ கட்டி, 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடித்தேன். தொடர்ந்து பிடித்தால் ரிம் சுடும். கீழே வந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டை இடைவெளியைப் பார்த்தேன். ஒரு மயிரிழை அசைவு இல்லை. அடிவாரத்தில் நின்று பெரியவருக்குப் போன் செய்தேன். “சரி தாயி, பாத்து வா” என்று வைத்துவிட்டார்.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம். விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் பட்டையாகப் போட்டிருக்கிறோம். டியூப் பைக் வால்வு உள்ளதாகவே வாங்கினோம், பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம். பின் டயருக்கு 65 பி.எஸ்.ஐ., முன்னதற்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலை ஓரத்தில் முள்ளைவிட மோசமானது, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிக் கிடக்கும் மெல்லிய எஃகு இழை. விரலுக்குத் தட்டுப்படாது. டயருக்குள் பஞ்சைத் தடவிக்கொண்டே போனால் இழை இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் கயத்தாறு தாண்டித் தம்பியின் டயரில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

உடை பற்றிப் பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வருவது சீட்டால் மட்டுமல்ல, தையலாலும்தான். சாதாரணப் பேண்டில் நான்கு தையலும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து கூடும். அந்த முடிச்சின் மேல்தான் நாம் உட்காருகிறோம். அந்த இடத்தை வெட்டியெடுத்து, சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். தையல் நான்கும் தொடைப்பக்கம் விலகிவிட்டன. மேலே தொளதொளவென்று சுடிதார் டாப். மூன்று நாளில் சிவப்புகூடத் தட்டவில்லை. மாதவிடாய் நாட்களில் தூரத்தைப் பாதியாகக் குறைப்பது என்று தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவனும் “சரிக்கா” என்று அட்டவணையில் குறித்துக்கொண்டான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கூடப் போகிறவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

எடையைப் பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டோம். முதல் முறை பை மட்டும் 22 கிலோ. கடைக்காரர், “எல்லாத்தையும் போடுறதா இருந்தா நல்ல வெல தர்றேன்க்கா” என்றார். பாதியை வெளியே எடுத்து 15-க்குக் கொண்டுவந்தோம். சுமை எல்லாம் பின்னால் போனால் பின் சக்கரம்தான் மொத்தத்தையும் சுமக்கும். அதனால் கருவிகள், தண்ணீர், கூடாரம் எல்லாம் முன்னால் போயின.

இனி இந்த மூன்று நாள். தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து, நேரே முகத்தில். காவல்கிணறு, பணகுடி காற்றாலைகளுக்கு நடுவே மணிக்கு 11 கி.மீ. தாண்டவில்லை. முதல் நாள் திருநெல்வேலி சேர இருட்டிவிட்டது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு நாளைக்கு இருநூறு கிராம் தின்றாலும் பத்து நாளைக்கு வரும். இரண்டாம் இரவு சாத்தூர். மூன்றாம் நாள் விருதுநகர் தாண்டியதும் இடது பையின் மேல்கொக்கி நாடாவை அறுத்துக்கொண்டிருந்ததைத் தம்பிதான் பின்னாலிருந்து பார்த்தான். கம்பி முனையை அரத்தால் மழுக்காமல் விட்டது என் தவறு. இன்று முனையை ராவிவிட்டு, நாடாவை இரட்டையாக்கி, அடியில் தோல் துண்டு வைத்துத் தைத்துவிட்டேன். வலது பைக்கும் சேர்த்து.

வீட்டில் இறக்கியது: இரண்டாவது செருப்பு, கனமான போர்வை, பெரிய சுத்தியல், அம்மா கொடுத்த இட்லிப் பொடியில் பாதி. அம்மா பார்க்காத நேரத்தில் எடுக்க நினைத்தேன், முடியவில்லை. அவரே வந்து, “எம்புட்டு வேணுமோ அம்புட்டு மட்டும் எடுத்துட்டுப் போங்க” என்று சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கூட்டியது: பஞ்சர் ஒட்டும் சொலூஷன் இன்னொன்று, முகத்துக்குப் பருத்தித் துணி. தராசில் 12 கிலோ 400.

நாளுக்கு 80 கி.மீ., வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று போனால் இன்னும் ஐம்பது நாள். டில்லி, பஞ்சாப் பக்கத்து ஜனவரி மூடுபனி நாங்கள் போகும்போது விலகியிருக்க வேண்டும் என்பதால்தான் பொங்கல் முடிந்து கிளம்பினோம். நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் புலிக் காட்டின் வழியே போகும் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடப்பது என்று குறித்திருக்கிறோம். ஜம்முவுக்கு மேலே இரண்டு நீளமான சுரங்கப் பாதைகள், ஒன்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், இன்னொன்று எட்டரை. உள்ளே சைக்கிள் விடாவிட்டால் வண்டியில் ஏற்றிக் கடப்போம்.

சற்று முன் பின் சக்கரத்தை மட்டும் கழற்றி யானைக்கல்லுக்குக் கொண்டுபோனேன். பேட்டை ஓய்ந்திருந்தது. பெரியவர் மடியில் வைத்துச் சுண்டிக்கொண்டே வந்தார். இடப்பக்கம், வால்விலிருந்து நான்காவது கம்பியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் கேட்டிருந்தது. நிப்பிள் சாவியை அவர் நீட்டுவதற்குள் என் பையிலிருந்ததை எடுத்துக் கால் சுற்று கொடுத்தேன். மறுபடி சுண்டினார், தலையசைத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. நிப்பிளில் விட ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். நாளைக்கு வேடசந்தூர்.